பேரனுக்குப் பங்கில்லை என்று குர்ஆன் சொல்கிறதா?

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். உங்கள் அத்தா (தகப்பனார்), பாட்டனார் உயிரோடிருக்கும்போதே வபாத்தாகிவிட்டார். சென்ற ஆண்டு பாட்டனாரும் மவுத்தானபோது இரண்டு சாச்சாக்களும் (சிறிய தகப்பனார்களும்) ஓர் அத்தையும் இருந்தார்கள். வீடும் கடையும் அந்த மூவருக்குள் பிரிக்கப்பட்டன. உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் பங்கில்லை என்று ஜமாஅத்தில் சொல்லப்பட்டது. அதன் பிறகு நீங்கள் குர்ஆன் தமிழாக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து, "மகன் இருந்தால் பேரனுக்குப் பங்கில்லை" என்ற வசனம் எங்கும் இல்லை என்று கண்டீர்கள். அங்கிருந்துதான் குர்ஆனில் இல்லாத ஒன்றை மார்க்கம் என்று ஏற்கத்தான் வேண்டுமா, தொழுகை ஐந்து வேளை என்பதும் அப்படி வந்ததுதானா, குர்ஆன் மட்டும் போதாதா என்று உங்கள் கேள்விகள் வளர்ந்திருக்கின்றன. பார்வைக்கு இவை மூன்று கேள்விகள். நடந்தது அல்லாஹ்வின் தீர்ப்பா, மனிதர்களின் தீர்ப்பா என்பதே இவற்றின் அடியில் நீங்கள் கேட்பது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் அரபி மதரஸாவில் ஏழு ஆண்டுகள் ஓதியவன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பல குடும்பங்களுக்குப் பராயிள் என்னும் பாகக் கணக்கை எழுதிக் கொடுத்து வருகிறேன். உங்களைப் போன்ற தகப்பனற்ற பேரப்பிள்ளைகள் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, அவர்கள் பெயரை விட்டுவிட்டுக் கணக்கை முடித்த நாட்கள் எனக்கும் உண்டு. ஆகையால் இதை வெறும் ஏட்டுக் கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஐயமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடியது சரி, கண்டதும் சரி. அப்படி ஒரு வசனம் குர்ஆனில் இல்லை. அந்தச் சட்டம் வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. குறிப்பிடப்பட்ட பங்குகளை உரியவர்களுக்குக் கொடுத்தபின் எஞ்சியது மிக நெருங்கிய ஆணுக்கு உரியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் நபிமொழி ஒன்று; அது புகாரி, முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. மகன் இருக்கும்போது மகனின் பிள்ளை வாரிசாகாது என்று ஸைத் இப்னு ஸாபித் (ரலி) சொன்ன கூற்று மற்றொன்று. அதையும் புகாரி பதிவு செய்திருக்கிறார். வாரிசுச் சட்டத்தில் நபித்தோழர்களுள் ஸைத் அவர்களின் சொல்லுக்குத் தனி எடை இருந்ததால் ஹனஃபீ, ஷாஃபிஈ முதலிய நான்கு மத்ஹபுகளும், அதாவது சட்டப் பள்ளிகளும், அதன்மீதே நின்றன. குர்ஆனும் பெற்றோரும் "நெருங்கிய உறவினரும்" விட்டுச் சென்றதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்குண்டு என்று சொல்வதால் (4:7), நெருக்கத்தை அளவுகோலாகக் கொள்ள அந்தச் சொல்லே இடம் தருகிறது என்பது ஃபுகஹாக்கள் எனப்படும் சட்ட அறிஞர்களின் வாதம்.

அப்படியானால் ஹதீஸ் என்னும் அந்த நபிமொழியையும் ஸைத் அவர்களின் கூற்றையும் ஒதுக்கிவிட்டுக் குர்ஆனை மட்டும் கையில் எடுத்தால் உங்களுக்குப் பங்கு கிடைத்துவிடுமா? கிடைக்கும் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது உண்மையாகாது. "உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் அல்லாஹ் உங்களுக்குக் கட்டளையிடுகிறான்" என்று தொடங்கும் 4:11-இல் உள்ள 'அவ்லாத்' என்ற சொல் பேரப்பிள்ளைகளையும் குறிக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். குறிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் சாச்சாக்களின் பிள்ளைகளும் பாட்டனாரின் அவ்லாத்தான். அவர்களும் தங்கள் தகப்பனாரோடு சேர்ந்து பங்கு கேட்கலாம். அதை எவரும் ஏற்பதில்லை. தகப்பன் இறந்துவிட்ட பிள்ளைகள் மட்டும் தகப்பனின் இடத்தில் நிற்கிறார்கள் என்ற விதி நியாயமாகத் தோன்றுகிறது, எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதுவும் குர்ஆனின் எழுத்தில் இல்லை, நம் அறிவு கொண்டுவந்து வைப்பது. குர்ஆன் மட்டும் போதும் என்று சொல்பவரும் இந்த இடத்தில் ஒரு மனிதத் தீர்ப்பைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது நீங்கள் தேடலில் கடந்துபோயிருக்கக்கூடிய ஒரு வசனத்துக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அல்-பகரா அத்தியாயத்தின் 180-ஆம் வசனம் (2:180), உங்களில் ஒருவருக்கு மரணம் நெருங்கும்போது அவர் செல்வத்தை விட்டுச் செல்பவராக இருந்தால், பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் முறைப்படி வஸிய்யத் (மரண சாசனம்) செய்வது விதிக்கப்பட்டிருக்கிறது, அது இறையச்சமுடையோர் மீது கடமை என்று சொல்கிறது. "விதிக்கப்பட்டிருக்கிறது" என்பதற்கு அங்கே வரும் அரபிச் சொல் 'குதிப'. சில வசனங்கள் தள்ளி, நோன்பு விதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் 2:183-இலும் அதே சொல்தான். அடுத்த வசனமோ, வஸிய்யத்தைக் கேட்டபின் அதை மாற்றுகிறவர்மீதே குற்றம் சாரும் என்று எச்சரிக்கிறது. பின்னர் பங்குகளைக் கணக்கிட்டுச் சொல்லும் 4:11, 4:12 ஆகிய இரண்டு வசனங்களிலும் சேர்த்து நான்கு முறை, இவை எல்லாம் வஸிய்யத்தையும் கடனையும் தீர்த்த பிறகே என்று வருகிறது. ஒரே கருத்தை இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை சொல்லும் நூல், வஸிய்யத்தை விரும்பினால் செய்யலாம் என்ற அளவில் வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை அழுத்தமான கட்டளை எப்படி நம் ஊர்களில் மறைந்துபோயிற்று? பெரும்பாலான அறிஞர்கள், பங்குகளைச் சொல்லும் வசனம் இறங்கியதும் 2:180 மன்ஸூக் ஆகிவிட்டது, அதாவது அதன் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது என்று கொண்டார்கள். அதற்குத் துணையாக, வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்ற நபிமொழியை எடுத்துவைத்தார்கள். அது அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. குர்ஆனை ஹதீஸ் நீக்க முடியுமா என்பது பழைய சர்ச்சை. இமாம் ஷாஃபிஈ அவர்கள் குர்ஆனைக் குர்ஆன்தான் நீக்கும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். ஆகவே பங்குகளின் வசனமே நீக்கியது, நீக்கம் நடந்தது என்பதைத்தான் ஹதீஸ் காட்டுகிறது என்று விளக்கினார்கள். இந்தச் சர்ச்சையில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஹதீஸ் பேசுவது வாரிசைப் பற்றி. சாச்சாக்கள் இருப்பதால் வாரிசு இல்லை என்று ஒதுக்கப்பட்ட பேரனாகிய நீங்கள், நெருங்கிய உறவினர், ஆனால் வாரிசு அல்லர். அந்த ஹதீஸ் எந்தக் கதவை மூடினாலும் உங்கள் கதவை மூடவில்லை. பங்கு கொடுக்கப்பட்டவருக்கு வஸிய்யத் தேவையில்லை என்பதில் பொருள் இருக்கிறது. பங்கே இல்லாதவருக்கும் அந்த வசனம் செல்லாது என்பதற்கு எனக்குத் திருப்தியான ஆதாரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வாதமும் அன்று. குர்ஆன் விரிவுரையாளர்களுள் மூத்தவரான தபரீ, வாரிசாகாத உறவினர் விஷயத்தில் இந்த வசனம் நீக்கப்படவில்லை என்றே எழுதினார். 994 முதல் 1064 வரை ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம், அத்தகைய உறவினருக்கு வஸிய்யத் செய்வது கட்டாயம், செய்யாமல் இறந்தால் வாரிசுகள் அவர் சொத்திலிருந்து கொடுத்தாக வேண்டும் என்று ஒரு படி மேலே போனார். சிறுபான்மைக் கருத்தாகக் கிடந்த அதை எகிப்து 1946-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டத்தில் எடுத்துக்கொண்டு, தாத்தாவுக்கு முன் இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்கு, மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத அளவில், கட்டாய வஸிய்யத்தை விதித்தது. சிரியா, மொராக்கோ, துனீசியா ஆகிய நாடுகளும் அவ்வழியே சென்றன. பாகிஸ்தான் 1961-இல் வேறு வழியை எடுத்து, பேரப்பிள்ளைகளை இறந்த தகப்பனின் அல்லது தாயின் இடத்திலேயே நிறுத்தியது. அங்கே ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

உங்கள் குடும்பத்தை வைத்தே கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பாட்டியார் முன்பே மவுத்தாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், எனவே கணக்கு எளிது. இப்போது நடந்தபடி சொத்து ஐந்து பாகமாகி, சாச்சாக்களுக்கு இரண்டிரண்டும் அத்தைக்கு ஒன்றும் போயிருக்கும். எகிப்தியச் சட்டப்படி உங்கள் அத்தா உயிரோடு இருந்திருந்தால் கிடைக்கக்கூடியது ஏழில் இரண்டு. அது மூன்றில் ஒன்றுக்குள் அடங்குவதால் முழுவதும் உங்களுக்கே வரும். சொத்தை 21 பாகமாக்கினால் உங்களுக்கு 4, உங்கள் தங்கைக்கு 2, சாச்சாக்கள் இருவருக்கும் தலா 6, அத்தைக்கு 3. பாட்டனார் ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்திருந்தால் இதே கணக்கு எந்த மத்ஹபின்படியும் செல்லுபடியாகியிருக்கும். ஏனென்றால் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒன்று வரை வஸிய்யத் செய்ய எவருடைய சம்மதமும் தேவையில்லை. அந்த நான்கு வரியை எழுதச் சொல்லும் கடமை பாட்டனாரைச் சுற்றியிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு இருந்தது. அது நிறைவேறவில்லை என்பதே என் வருத்தம்.

இனி உங்கள் பெரிய கேள்வி. குர்ஆனைக் கொண்டு வழக்கத்தை உரசிப் பார்ப்பது வழிகேடு என்று உங்களிடம் யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நபித்தோழர்களே அதைச் செய்தார்கள். குடும்பத்தார் அழுவதால் மய்யித் (இறந்தவர்) வேதனை செய்யப்படுகிறது என்ற செய்தி ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தபோது, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்ற வசனத்தை ஓதி அதை மறுத்தார்கள். மூன்று தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இருப்பிடமும் செலவும் இல்லை என்று ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அறிவித்தபோது, நினைவில் வைத்தாரோ மறந்தாரோ தெரியாத ஒருவர் சொல்லுக்காக அல்லாஹ்வின் வேதத்தை விடமாட்டோம் என்றார்கள் உமர் (ரலி). ஹனஃபீகள் இதையே ஒரு விதியாக்கி, தனியொருவர் வழியாக வரும் அறிவிப்பைக் கொண்டு குர்ஆனின் பொதுச் சட்டத்தோடு எதையும் சேர்க்க மறுத்தார்கள். தொழுகையில் ஃபாத்திஹா ஓதுவதை ஷாஃபிஈகள் ஃபர்ள் (கட்டாயக் கடமை) என்றும் ஹனஃபீகள் அதற்கு ஒரு படி கீழே வாஜிப் என்றும் சொல்வதற்கு இதுதான் காரணம். குர்ஆன் "எளிதானதை ஓதுங்கள்" என்று மட்டுமே சொல்கிறது (73:20). நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் தொழுது வருவதில் இந்த உரசல் நெடுங்காலமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் உரசிப் பார்ப்பதும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் ஒன்றல்ல. எல்லா அறிவிப்புகளையும் தள்ளியவர்களோடு நடந்த வாதத்தை 820-இல் மறைந்த ஷாஃபிஈ அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கேள்வி அவ்வளவு பழையது. 1906-இல் கெய்ரோவில் முஹம்மத் தவ்ஃபீக் ஸித்கீ என்ற மருத்துவர், இஸ்லாம் என்பது குர்ஆன் மட்டுமே என்று அல்-மனார் இதழில் எழுதியபோது அது பெரும் விவாதமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் லாகூரில் அப்துல்லாஹ் சக்ராலவி தொழுகையின் விவரங்களைக் குர்ஆனிலிருந்தே எடுத்துக்காட்ட முயன்றார். இந்த வழியில் வந்தவர்களை நான் மரியாதையோடுதான் படிக்கிறேன். அவர்களுள் பலர் உண்மையைத் தேடியவர்கள். ஆனால் அவர்கள் ஒன்றுகூடி ஒரே தொழுகையை வந்தடையவில்லை. ஐந்து வேளை என்பாரும், மூன்று என்பாரும், இரண்டு என்பாரும் உண்டு. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குர்ஆன்தான்.

அவர்கள் எடுத்துவைக்கும் வசனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதத்தில் எதையும் விட்டுவிடவில்லை என்ற 6:38, பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற பேச்சின் நடுவே வருகிறது. அங்கே வேதம் என்பது அல்லாஹ்விடமுள்ள மூலப் பதிவு என்று விரிவுரையாளர்கள் பலர் கொண்டார்கள். அல்லாஹ்வுக்குப் பின் எந்த 'ஹதீஸை' நம்புவார்கள் என்ற 45:6-இல் அச்சொல்லுக்குப் பேச்சு, செய்தி என்பதே பொருள். குர்ஆன் தன்னையே மிக அழகிய ஹதீஸ் என்று அழைக்கிறது (39:23). அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தூதர் கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற 59:7, போரின்றிக் கிடைத்த செல்வத்தைப் பங்கிடும் இடத்தில் வருவது. அதைச் சூழலிலிருந்து பிடுங்கி எல்லா அறிவிப்புகளுக்கும் முத்திரையாக்குவோரும் அவசரப்படுகிறார்கள். எனக்கு அதிக எடையுள்ளதாகத் தெரிவது 16:44. மக்களுக்கு இறக்கப்பட்டதை நீர் அவர்களுக்கு விளக்குவதற்காகவே இந்த அறிவுரையை உம்மிடம் இறக்கினோம் என்று அது சொல்கிறது. விளக்குதல் என்ற பணி அங்கே தூதருக்குத் தரப்படுகிறது.

பாகக் கணக்கிலேயே குர்ஆன் நம்மிடம் விட்டுவைத்த இடம் ஒன்று உண்டு. பிள்ளையில்லாத ஒரு பெண் இறக்கிறார். கணவரும், உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் இருக்கிறார்கள். கணவருக்குப் பாதி என்கிறது 4:12. இரண்டு சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு என்கிறது 4:176. கூட்டினால் ஆறில் ஏழு, சொத்தைவிடப் பெரிதாகிறது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஒவ்வொருவர் பங்கையும் விகிதப்படி குறைத்து ஏழு பாகமாக்கித் தீர்த்தார்கள். அதற்கு அவ்ல் என்று பெயர். இப்னு அப்பாஸ் (ரலி) அதை ஏற்கவில்லை. ஷீஆக்கள் இன்றும் ஏற்பதில்லை. இருதரப்பும் குர்ஆனுக்குப் பணிந்தவர்களே. எழுத்து நின்ற இடத்தில் மனிதர்கள் கூடி யோசித்திருக்கிறார்கள்.

தொழுகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து என்ற எண் குர்ஆனில் இல்லை, ரக்அத் எனப்படும் தொழுகைச் சுற்றுகளின் எண்ணிக்கையும் இல்லை. சூரியன் சாய்வதிலிருந்து இரவின் இருள் வரையும் அதிகாலையும் (17:78), பகலின் இரு முனைகளும் இரவின் பகுதியும் (11:114), நடுத்தொழுகை (2:238) என்று நேரங்கள் சொல்லப்படுகின்றன. ஃபஜ்ர் (அதிகாலை), இஷா (இரவு) என்ற இரண்டும் பெயராலேயே வருகின்றன (24:58). இவற்றை ஐந்தாக வகுத்தது ஒருவர் காதில் ஒருவர் சொன்ன தனிச் செய்தி அன்று. மதீனாவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடித் தொழுததை அவர்கள் பிள்ளைகள் பார்த்துத் தொழுதார்கள், அப்படியே தலைமுறைகள் வழியாக வந்தது. குர்ஆனின் எழுத்தும் அதே மக்கள் கூட்டத்தின் வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. ஒன்றைக் கொண்டுவந்தவர்களை நம்பி, மற்றொன்றில் அவர்களை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மகனும் பேரனும் பற்றிய சட்டம் அந்த அளவுக்கு ஊர் முழுதும் நாள்தோறும் செய்து காட்டப்பட்ட ஒன்றன்று. ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றில் ஏற்பட்ட மனக்காயத்துக்காக மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

நான் வழக்கறிஞன் அல்லன், உங்கள் சொத்துப் பத்திரங்களைப் பார்த்தவனும் அல்லன். இதை ஃபத்வாவாக, அதாவது மார்க்கத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். நம் நாட்டு நீதிமன்றங்கள் 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தைக் கொண்டு மகன் இருந்தால் பேரனுக்குப் பங்கில்லை என்ற ஃபிக்ஹையே, அதாவது மார்க்கச் சட்டத்தையே, நடைமுறைப்படுத்துகின்றன. எகிப்தில் உள்ளதுபோன்ற கட்டாய வஸிய்யத் இங்கே இல்லை. பாட்டனார் வாயால் வஸிய்யத் சொன்னதைக் கேட்ட சாட்சிகள் இருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள், வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும். இல்லையென்றால் சாச்சாக்களிடம் 4:8-ஐ எடுத்துச் செல்லுங்கள். பங்கிடும்போது உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அதிலிருந்து அவர்களுக்கும் கொடுங்கள், அவர்களிடம் நல்ல சொல்லைச் சொல்லுங்கள் என்பது அந்த வசனம். அது நீக்கப்படாத வசனம் என்று இப்னு அப்பாஸ் அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. அடுத்த வசனம், தாங்களும் பலவீனமான பிள்ளைகளை விட்டுச்சென்றால் எப்படி அஞ்சுவார்களோ அப்படி அஞ்சட்டும் என்கிறது. இதைச் சாச்சாக்களிடம் நீங்களே சொல்வதைவிட, அவர்கள் மதிக்கும் ஒரு பெரியவரோ உங்கள் அத்தையோ சொன்னால் நன்று. பாகம் பிரித்து ஓராண்டு ஆனபின்பும் மனமுவந்து ஹிபா (அன்பளிப்பு) எழுதிக் கொடுத்த சிறிய தகப்பனார்களை நான் பார்த்திருக்கிறேன், கொடுக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எழுதி வைக்க ஏதேனும் உள்ள முஸ்லிம், தன் வஸிய்யத் எழுதப்பட்டுத் தன்னிடம் இல்லாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்று இப்னு உமர் (ரலி) வழியாக ஒரு நபிமொழி உண்டு. மகனைப் பறிகொடுத்த முதியவர் எவரேனும் என்னிடம் வந்தால், இப்போதெல்லாம் கணக்கைத் தொடங்கும் முன் 2:180-ஐ ஓதி, இந்த ஹதீஸையும் சொல்லி, பேரப்பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு, மூன்றில் ஒன்றுக்குள் நிற்குமாறு வஸிய்யத்தை இரு சாட்சிகளோடு அன்றே எழுதி முடித்துவிடுகிறேன். உங்கள் அம்மாவின் தகப்பனார் உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இறந்துபோன ஒரு மகனின் பிள்ளைகள் இருந்தால், அந்தத் தாளை எழுத நீங்களே அவருக்குத் துணையாக உட்காருங்கள்.